பிளஸ் டூ முடிச்சாச்சு, அடுத்து என்ன? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவர்கள் அட்மிஷனுக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிளஸ் டூ கடைசி பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே பல வீடுகளில் போன் அடிக்க ஆரம்பிச்சிடும். "தம்பிக்கு எந்த காலேஜ் பாத்திருக்கீங்க? சீட் கம்மியாத்தான் இருக்கு, இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா நல்லது" என்று பேசுபவர் யார், நம்பர் எப்படிக் கிடைத்தது என்பது பெற்றோருக்குத் தெரியாது. ரிசல்ட் வரவே ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஆனாலும் பயத்தில் பணம் கட்டிவிடுகிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்கு பாஸ் பண்ணுவது பெரிய பிரச்னை இல்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் 2018-ல் 97.05 சதவீதம், 2023-ல் 97.85 சதவீதம் என மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அதே மாவட்டம்தான் 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டுமே. மார்க் வாங்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்த மார்க்கை வைத்து எங்கே, எப்படி, எவ்வளவு செலவில் சேருவது என்று சொல்லித்தர ஆள் குறைவு. நூற்பாலையிலோ, சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு கவுன்சிலிங், கட்-ஆஃப், சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் புது வார்த்தைகள்.

முதலில் சரிபார்க்க வேண்டியது பெயரும் இனிஷியலும்

கேட்க சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் அதிகம் அலையவிடுவது இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி. ஆன்லைன் விண்ணப்பத்தில் இது தெரியாது. சான்றிதழ் சரிபார்ப்பின்போதும், உதவித்தொகை பேங்க் அக்கவுண்ட்டில் ஏறும்போதும்தான் சிக்கும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வது சுலபம். மார்க் ஷீட்டிலேயே தவறு என்றால், தலைமை ஆசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத்தான் போகணும். பள்ளியில் படிக்கும்போதே கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். டிசி வாங்கி வெளியே வந்த பிறகு கேட்டால் நடை அதிகம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லா மையத்திலும் கூட்டம் முண்டியடிக்கும், தாலுகா அலுவலகத்திலும் மனுக்கள் குவியும். ஏப்ரலிலேயே முடித்துவிட்டால் மே மாதம் நிம்மதி.

'இருப்பிடச் சான்றிதழ்' வாங்கவும் நிறைய பேர் அலைகிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு பொறியியல் கவுன்சிலிங்கில் அது தேவையில்லை. வேறு மாநிலத்தில் சில வருடம் படித்துவிட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் அது தேவைப்படும்.

முதல் பட்டதாரி சான்றிதழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் என குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இந்தச் சான்றிதழ் இருந்தால், கவுன்சிலிங் வழியாகச் சேரும் தொழிற்கல்வி இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது.

செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரக் குடியிருப்புகளில் உள்ள பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் முன்னதாகவே தொடங்கணும். பழங்குடியினர் சான்றிதழை தாசில்தார் தர முடியாது. கோட்ட அளவிலான அதிகாரிதான் விசாரணைக்குப் பிறகு வழங்குவார். அதற்கு எடுக்கும் காலம் கவுன்சிலிங் தேதிக்காகக் காத்திருக்காது. பழங்குடியினருக்கான 1 சதவீத இடஒதுக்கீடும், கல்வி உதவித்தொகையும் இந்த ஒரு தாளை நம்பித்தான் இருக்கின்றன.

7.5 சதவீதம் யாருக்கு? இங்கேதான் குழப்பம்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஒரு மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை பைசா செலவில்லாமல் பி.இ. படிக்க வழி இது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும் என்பது நிபந்தனை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியானவர்கள்.

ஆனால், அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இந்த வட்டாரத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல தலைமுறைகளைப் படிக்க வைத்த பள்ளிகளில் உதவி பெறும் பள்ளிகள் கணிசமானவை. சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, அப்போ அரசுப் பள்ளிதானே என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. விண்ணப்பத்தில் 'அரசுப் பள்ளி' என்று டிக் செய்துவிட்டு, சரிபார்ப்பில் மறுக்கப்பட்ட பிறகுதான் விஷயம் புரிகிறது. அதற்குள் பணத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. பள்ளி எந்த வகை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு பக்கம், உதவி பெறும் பள்ளி மாணவர்கள் தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அதிலும் உதவி பெறும் பள்ளி தமிழ் வழி மாணவர்கள் உண்டு. டிகிரி மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐடிஐ படித்தாலும் கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கணும். மாணவர் பெயரில், ஆதார் இணைத்த பேங்க் அக்கவுண்ட் இருக்கணும். அம்மா அக்கவுண்ட் செல்லாது.

கட்-ஆஃப் போடுவது எப்படி?

பொறியியல் சேர்க்கைக்கு தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது. 2006-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மார்க்கே போதும். கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என மொத்தம் 200. ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்திருந்தால் கட்-ஆஃப் 92 + 42 + 44 = 178. தமிழ், ஆங்கில மார்க் இதில் வராது.

2025-ல் பொதுத்தேர்வு மார்ச் 3-ல் தொடங்கி 25-ல் முடிந்தது. ரிசல்ட் மே 8. ஆனால் பொறியியல் விண்ணப்பப் பதிவு மே 7-லேயே தொடங்கிவிட்டது. ஜூன் 6 கடைசி நாள். பொதுப்பிரிவு கவுன்சிலிங் ஜூலை 14-ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு வருடமும் தேதி சற்று முன்பின் மாறலாம், போக்கு இதுதான். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 250. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் சேவை மையங்களில் இலவசமாகவே பதிவு செய்யலாம். பிரவுசிங் சென்டரில் செய்தால், போன் நம்பரும் இமெயிலும் மாணவருடையதாக இருக்கணும். கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.

சாய்ஸ் ஃபில்லிங்: ஒரே ஒரு வரிசை தப்பினால்...

கவுன்சிலிங் என்றால் சென்னைக்கு பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து சீட் எடுத்த காலம் போய்விட்டது. இப்போ எல்லாமே ஆன்லைன். கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் அடுக்கணும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை.

கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும். மாணவரின் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத் தந்துவிட்டு நின்றுவிடும். 'மதுரையில் இருக்கும் பெரிய காலேஜ் எப்படியும் கிடைக்காது, எதுக்கு முன்னால போடணும்' என்று அதை எட்டாவதாகவும், வீட்டுக்குப் பக்கத்து கல்லூரியை முதலாவதாகவும் போட்டால் முதலாவதே கிடைக்கும். மதுரை கல்லூரியில் அந்த ரேங்குக்கு இடம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே போகாது. கிடைக்குமா, கிடைக்காதா என்று கணக்குப் போட்டு அடுக்கக் கூடாது. எது வேண்டும் என்பதை வைத்து மட்டுமே அடுக்கணும். கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் வரும். ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, இதை வேண்டாம் என்று சொல்லி மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குப் போவது, கவுன்சிலிங்கை விட்டே விலகுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவனிக்க: மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் கையில் இருந்த இடம் தானாகப் போய்விடும். 'பழையதே தேவலாம்' என்று திரும்ப முடியாது. மூன்றாவது துணிச்சலான ஆட்டம், மேலே எதுவும் கிடைக்காமலே போகலாம். உறுதிப்படுத்த மிகக் குறைந்த நாட்களே அவகாசம் இருக்கும். அந்த நாட்களில் ஊருக்கு, கல்யாணத்துக்கு என்று கிளம்பிவிடக் கூடாது. பட்டனை அழுத்தத் தவறினால் இடம் கைநழுவும்.

கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துப் போடுவதிலும் ஆபத்து இருக்கு. ஒரே மாதிரிப் பெயரில் தமிழ்நாடு முழுக்க கல்லூரிகள் உண்டு. கல்லூரிக் குறியீட்டு எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்தே போடணும்.

பக்கத்திலேயே இருந்தாலும் பட்டியலில் வராதது ஏன்?

ராஜபாளையத்தில் 2013-ல் தொடங்கப்பட்ட ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அரசு கவுன்சிலிங் வழியாகச் சேரலாம். சிவகாசி மெப்கோ ஷ்லெங்க், மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி, கோவில்பட்டி நேஷனல், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி எல்லாமே அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம், 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் சேர்க்கை தனி, கட்டணம் தனி. அரசு கவுன்சிலிங் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. எந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் 7.5 சதவீதமோ, முதல் பட்டதாரிச் சலுகையோ அங்கே பொருந்தாது. அதற்காக அங்கே சேரக் கூடாது என்றில்லை. நான்கு வருடச் செலவையும் முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கணும்.

தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடக் கல்விக் கட்டணம், 2017-ல் நிர்ணயித்தபடி 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் தனி.

ஆர்ட்ஸ் காலேஜுக்கு வேறு கதவு

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுக்க ஒரே ஆன்லைன் விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2 என மொத்தம் 50 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்துத் தரவரிசை போடுவார்கள். பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க்கும், பி.ஏ. ஆங்கிலம் என்றால் ஆங்கில மார்க்கும் பார்ப்பார்கள்.

உதவி பெறும் கல்லூரிகள் இந்த விண்ணப்பத்தில் வராது. 1973-ல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, 1947-ல் தொடங்கிய விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசியில் 1963-ல் வந்த அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி போன்றவற்றுக்குக் கல்லூரியிலேயே தனித்தனியாக விண்ணப்பிக்கணும். அங்கே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே வளாகத்தில், சில நேரம் ஒரே பாடத்துக்கே இரண்டு பிரிவும் இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும்.

பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. 'பக்கத்துல எது இருக்கோ அதுல சேரு' என்பதே அவர்களின் கோர்ஸ் தேர்வு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. செங்கோட்டை - மதுரை ரயில் பாதை இரண்டு ஊரையும் தொட்டுச் செல்கிறது. தூரத்தை மட்டும் வைத்துப் பாடத்தை முடிவு செய்வதற்கு முன், கல்லூரி விடுதியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நீட் எழுதலை, அப்போ பயாலஜி வேஸ்ட்டா?

இல்லை. எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதத்துக்குத்தான் நீட். விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாலும், அதில் சேர நீட் மார்க்தான் வேண்டும். ஆனால் கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களும், வேளாண்மையும், மீன்வளமும் பிளஸ் டூ மார்க் அடிப்படையிலேயே நிரப்பப்படுகின்றன. பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் இரண்டும் 2025 சேர்க்கை வரை அப்படித்தான். ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கும் பிளஸ் டூ மார்க்தான், எந்த குரூப் என்றாலும் சேரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கடைசி தேதி. பொறியியலுக்கு மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

முன்பணம் கட்டியாச்சு, சர்டிபிகேட்டும் கொடுத்தாச்சு. திரும்ப வாங்க முடியுமா?

முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட விதிப்படி, எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்ததும் கையில் திருப்பித் தந்துவிடணும். சேர்க்கையின் கடைசி தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரணும். அலுவலகச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி தேதி முடிந்து 15 நாட்கள் வரை 80 சதவீதம், 30 நாட்கள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. விலகுவதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கணும். ஏஜென்ட்டிடம் கையில் கொடுத்த பணத்துக்கு இந்த விதி உதவாது. கல்லூரி ரசீது இருந்தால்தான் பேச முடியும்.

கல்விக்கடன் வேண்டுபவர்கள் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்விக்கு வாங்கும் கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியில் மானியம் கிடைக்கும். இதற்கும் அந்த வருமானச் சான்றிதழ்தான் வேண்டும்.

மார்க் குறைஞ்சு போச்சு, ஃபெயில் ஆயிடுச்சு என்றால்?

எதிர்பார்த்த மார்க் வரவில்லை என்றால் முதலில் விடைத்தாள் நகல் கேட்கலாம். அதை ஆசிரியரிடம் காட்டிய பிறகே மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று முடிவு செய்வது நல்லது. பெயிலானவர்களுக்கு ஜூன் - ஜூலையில் துணைத்தேர்வு உண்டு, அதே வருடம் கல்லூரியில் சேரவும் வழி இருக்கிறது. கணிதம், அறிவியல் அல்லது தொழிற்பிரிவு எடுத்துப் பாஸ் பண்ணியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் இருக்கிறது.

எங்கேயும் சேராமல் விடுபட்டவர்களுக்காக நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம்களை மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. சான்றிதழ் சிக்கல், பணம் இல்லாதது, எங்கே இடம் இருக்கிறது என்று தெரியாதது என எல்லாவற்றுக்கும் துறை அதிகாரிகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்வார். படிப்பு, சேர்க்கை தொடர்பான சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம். ரிசல்ட் பார்த்து பிள்ளை பேசாமல், சாப்பிடாமல் அறைக்குள் முடங்கினால், 104-க்கோ 14416-க்கோ உடனே கூப்பிடுங்க. இரண்டும் இலவச எண்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.